சரதியேலின் துவக்கும் அதற்கு மருந்து கொடுத்த கைகளும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21ஆம் திகதி, கடமையின்போது உயிரிழந்த தன் ஆட்களை இலங்கைப் பொலிஸ் திணைக்களம் நினைவுகூருகிறது. மலர்வளையம், அணிவகுப்பு, உரை எல்லாம் இருக்கும். இறந்தவர்களுக்கு விளக்கேற்றவே அனுமதி கேட்டு நின்று பழகிய நமக்கு அந்தக் காட்சி ஒரு மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1864ஆம் ஆண்டு அதே நாளில், மாவனல்லையில் ஒரு வீட்டைச் சுற்றிவளைக்கப் போன குழுவில் இருந்த சபான் என்ற மலாய் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். பொலிஸ் பதிவின்படி, இந்த நாட்டில் கடமையின்போது கொல்லப்பட்ட முதல் பொலிஸ்காரர் அவர்தான். வீட்டுக்குள் இருந்தவர்களில் ஒருவர் மம்மலே மரிக்கார். மற்றவர் உதுவன்கந்தை சரதியேல்.

சரதியேலை இலங்கையின் றொபின் ஹூட் என்பார்கள். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர், பாறைக் குகையில் ஒளிந்திருந்தவர், யாராலும் பிடிக்க முடியாதவர் என்ற கதை சிங்களக் கிராமங்களில் ஒன்றரை நூற்றாண்டாக உலவுகிறது. சப்ரகமுவவின் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். கொழும்பு–கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டி மாவனல்லைக்குப் போகும் எந்த பஸ்ஸிலும் யாராவது ஒருவர் அந்தப் பாறையைக் கைகாட்டிச் சொல்வார். நானும் அப்படித்தான் அதை முதலில் கேட்டேன்.

அந்தக் கதையை மறுபடி சொல்வது என் நோக்கம் அல்ல. கதையில் துவக்கு வருகிறது, ஆனால் அந்தத் துவக்குக்கு மருந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. போர் நடந்த மண்ணில் வளர்ந்த வாசகர்களுக்கு இது விளங்கும். துவக்கு ஒரு தடவை கிடைத்தால் போதும். ரவையோ ஒவ்வொரு நாளும் வேண்டும். ரவை தீர்ந்தால் துவக்கு வெறும் இரும்புக் குழாய். சரதியேலின் வாழ்க்கையை அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால், வீரக்கதையில் காணாத சில முகங்கள் தெரிகின்றன.

தீகிரிகேவகே சரதியேல் பிறந்தது 1832 மார்ச் 25 என்று சொல்லப்படுகிறது. தந்தையின் குடும்பம் சிலாபம் பக்கத்து ஹல்தடுவனையில் இருந்து வந்தது. தாயின் ஊர் உதுவன்கந்தை. கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியரிடம் வீழ்ந்து பதினேழு வருடங்கள்தான் ஆகியிருந்தன. 1818 கிளர்ச்சியை அடக்கிய பிறகு பிரித்தானியர் செய்த முதல் வேலைகளில் ஒன்று மலைநாட்டுக் கிராமங்களில் இருந்த துவக்குகளைத் திரட்டியது. அதற்குப் பின்னால் கண்டிக்கு வீதி போட்டார்கள். கடுகண்ணாவைக் கணவாயைக் குடைந்து போன அந்த வீதி, படை போவதற்காகப் போடப்பட்டது. சரதியேல் வளர்ந்த காலத்தில் அதில் படையைவிடக் கோப்பி மூட்டைகளே அதிகம் போயின.

இந்த வீதிதான் அவரை உருவாக்கியது என்பது என் எண்ணம். 1840களில் மலையகத்தில் கோப்பி பொங்கிப் பெருகியது. அதற்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் வாந்திபேதியில் பாதிப்பேரைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் பறித்த கோப்பி மாட்டு வண்டிகளில் இதே வீதியால் கொழும்புக்கு இறங்கியது. திரும்பி வரும் வண்டிகளில் அரிசி, துணி, சாராயம், தோட்டத்துச் சம்பளக் காசு எல்லாம் ஏறி வந்தன. ரயில் இன்னும் வரவில்லை. உதுவன்கந்தைப் பாறையின் மேலிருந்து பார்த்தால் அந்த வீதி காலடியில் கிடக்கும். நாட்டின் பணம் முழுவதும் மணிக்கு இரண்டு மைல் வேகத்தில், மாட்டின் கழுத்துமணி ஒலிக்க, ஒரு பாறையின் கீழ் ஊர்ந்து போனால் என்ன நடக்கும்?

சிறுவயதுக் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். விகாரைப் பள்ளியில் படித்தான், வளவுக்காரப் பிள்ளைகள் அவமானப்படுத்தினார்கள், அடித்துவிட்டு ஓடினான். கொழும்புக்குப் போய்ப் படைமுகாம் ஒன்றில் எடுபிடி வேலை செய்தான் என்ற பகுதியும் அந்தக் கதைகளில் வரும். அதில் எனக்குச் சுவையாக இருப்பது இந்தப் பகுதிதான். அந்தக் காலத்துப் படைமுகாமில் எடுபிடிப் பையனின் கண்ணில் முதலில் படுவது துவக்கைத் துடைப்பதும் மருந்தைக் காய வைப்பதும்தான். சுடுவது எப்போதாவது நடக்கும். துடைப்பதும் எண்ணுவதும் அடுக்குவதும் நாள்தோறும் நடக்கும்.

அவருக்குப் பதினாறு வயதான 1848இல் துவக்கு என்ற சொல்லுக்கே விலை வந்தது. ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த புதிய வரிகளில், துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்ட வேண்டும் என்பதும் ஒன்று. நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கு ஈடாகக் காசு என்று வேறும் இருந்தன. மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தார்கள். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். துவக்கு வரியைப் பற்றி எழுதுபவர்கள் அதைப் பண விவகாரமாக மட்டும் பார்க்கிறார்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், வரி கட்டுவதற்குப் பெயரைக் கொடுக்க வேண்டும். எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்று கச்சேரிக்குத் தெரிந்துவிடும். 1818இல் துவக்குப் பறிகொடுத்த தாத்தாக்கள் உயிரோடிருந்த கிராமங்களுக்கு இதன் பொருள் விளங்காமல் இருக்குமா?

துவக்கு என்ற சொல் சிங்களத்திலும் துவக்குவதான். இரண்டு மொழிக்கும் அது துருக்கியில் இருந்து கப்பலேறி வந்த சொல். சொல் வெளியிலிருந்து வந்தாலும் தொழில் உள்ளூரில் ஊன்றிவிட்டது. கண்டி இராச்சியத்தின் கொல்லர்கள் துவக்குக் குழாய் அடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று போர்த்துக்கேயரே எழுதி வைத்தார்கள். மருந்தும் உள்ளூரிலேயே உருவானது. மருத்துவரான ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட தன் நூலில், மலைக் குகைகளில் வெடியுப்பு எடுக்கும் இடங்களை நேரில் பார்த்து விவரித்திருக்கிறார். குகையின் சுவரைச் சுரண்டும் ஒரு கூட்டம், கொல்லன் பட்டறை, குழாய்க்கு மரப்பிடி செதுக்கும் தச்சன் என்று ஒரு துவக்குக்குப் பின்னால் அரைக் கிராமம் இருந்தது.

அந்தக் காலத்து வாய்வழி நிரப்பும் துவக்கை வன்னியிலும் மட்டக்களப்பிலும் இடியன் துவக்கு என்போம். முன்வாயில் மருந்தைக் கொட்டி, அடைப்பான் வைத்து, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். பிறகு பின்புறம் ஒரு சிறு செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். அதற்கு முந்திய வகையில் சக்கிமுக்கிக் கல் இருந்தது. இன்று தொழிற்சாலையில் இருந்து வரும் ஒரு தோட்டாவுக்குள் அடங்கியிருக்கும் நான்கு பொருட்களும் அன்று நான்கு இடங்களில் இருந்தன: கொம்பில் மருந்து, பையில் குண்டு, தகரப் பெட்டியில் தொப்பி, துணிமூட்டையில் அடைப்பான். ஆகவே துவக்கு வைத்திருந்த ஒவ்வொருவரும், விரும்பியோ விரும்பாமலோ, தன் ரவையைத் தானே தயாரித்தவர்கள். வீட்டின் ஒரு மூலையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கும். அடுப்பிலிருந்து தூரத்தில், கூரை ஒழுகாத பக்கத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். ஒழுங்காக அடுக்கத் தெரியாதவன் வேட்டைக்காரனாக நீடித்ததில்லை. நிரப்பியதை மறந்து மேலும் நிரப்பினால் குழாய் வெடித்துக் கண்ணும் கையும் போகும். இந்தத் தொழிலில் ஞாபகசக்தியைவிட அடுக்கு முக்கியம்.

சப்ரகமுவவில் இன்னொரு பகையும் உண்டு. அது மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மாவனல்லைப் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், மே மாதத்தில் உப்பு ஜாடியில் கரைந்துபோகும், தீப்பெட்டி உரசினால் தலை கழன்று விழும். மருந்துக்கும் அதே கதிதான். குகையில் வாழ்ந்த கொள்ளைக்காரன் என்று கேட்க அழகாக இருக்கிறது. குகையில் மருந்தைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது அழகான வேலை அல்ல. காய்ந்த மருந்து வேண்டுமானால் காய்ந்த வீடு வேண்டும். அந்த வீட்டுக்காரர் வேண்டும். ஈயத்துக்கும் தொப்பிக்கும் கடைக்காரர் வேண்டும். குகையில் இருந்தவருக்குக் கீழே ஒரு ஊரே தேவைப்பட்டிருக்கும்.

அதே வருடங்களில், சில மலைகளுக்கு அப்பால் நுவரெலியாவில், இன்னொரு மனிதரும் துவக்கு, மருந்து, ஈயம் என்றே வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் பெயர் சாமுவேல் பேக்கர். 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை அமைத்தவர். யானையும் மரையும் வேட்டையாடியதைப் பற்றி 1850களில் இரண்டு நூல்கள் எழுதினார். பிரிஸ்டல் நகரில் தனக்கென்றே செய்வித்த 21 இறாத்தல் எடையுள்ள றைபிள், அதற்கு மூன்று அவுன்ஸ் குண்டு, எந்த விலங்குக்கு எவ்வளவு மருந்து, ஈயத்தை எதனோடு கலந்தால் குண்டு கடினமாகும் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். துவக்கு தூக்குபவர்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும், சுட்ட துவக்கை வாங்கிக்கொண்டு நிரப்பிய துவக்கை எப்படிக் கையில் கொடுக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பானவர். இந்த ஒழுங்கில் ஒரு பிசகு நேர்ந்தால் யானை தன்மீது ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். துவக்குத் தூக்கியவர்களோ உள்ளூர்க்காரர்கள். யானை முதலில் யார்மீது ஏறியிருக்கும் என்பதை வாசகரே யோசிக்கலாம்.

பேக்கர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தன் தொழிலைக் கவனமாகச் செய்தவர். நான் பார்ப்பது இதை: ஒரே வேலை, ஒரே பொருட்கள், ஒரே மலைநாடு. பங்களாவின் மேசையில் அடுக்கியிருந்தால் அது விளையாட்டு, அறிவியல், நூல். ஒரு கறுத்த மனிதனின் கூரைக்குக் கீழ் அடுக்கியிருந்தால் அது குற்றத்துக்கான ஆயத்தம். 1864 மார்ச் 14ஆம் திகதி பேக்கர் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியின் கரையை அடைந்தார். அதற்காக அவருக்குப் பிறகு சேர் பட்டம் கிடைத்தது. சரியாக ஒரு வாரம் கழித்து மாவனல்லையில் வெடி கேட்டது.

சரதியேல் குற்றமற்றவர் என்றும் நான் சொல்லவில்லை. அவர்மீது கொள்ளையும் கொலையும் சுமத்தப்பட்டன. வண்டிக்காரர்கள் ஏழைகள். அவர்கள் கொண்டுபோன பொருள் தோட்டத்துரையுடையது என்றாலும், பறிகொடுத்த பிறகு பதில் சொல்ல வேண்டியவன் வண்டிக்காரன்தான். ஏழைக்குக் கொடுத்தார் என்ற கதையைச் சொல்பவர்கள் வண்டிக்காரனின் வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று சொல்வதில்லை. எல்லாச் சண்டியர் கதையிலும் இந்த ஓட்டை உண்டு. நம் ஊர்க் கதைகளிலும் உண்டு.

அவருடைய கூட்டத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் மாவனல்லை முஸ்லிம். இருவரும் சிறுவயது முதல் நண்பர்கள் என்று கதைகள் சொல்லும். இன்று மாவனல்லை என்றால் 2001 மே மாதம் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த ஊர் என்றுதான் பலருக்கு ஞாபகம் வரும். அதே ஊர் தன் மிகப் பெரிய நாட்டுப்புற நாயகனை ஒரு மரிக்காரின் பெயரைச் சேர்க்காமல் நினைக்க முடியாமல் இருக்கிறது. இருவரும் சேர்ந்துதான் நாட்டார் கதையில் நுழைந்தார்கள், சேர்ந்துதான் தூக்கிலும் ஏறினார்கள்.

ஒரு தடவை சரதியேல் பிடிபட்டுக் காவலில் இருந்து தப்பினார். அதற்குப் பிறகு அரசு அவர் தலைக்குப் பரிசு அறிவித்தது. இந்த இடத்தில்தான் துவக்கின் கணக்கு மாறியது. பரிசு அறிவிக்கப்படும்வரை கீழே ஊர் இருந்தது. உணவு கொடுப்பவர், செய்தி சொல்பவர், ஒரு கைப்பிடி மருந்தைச் சத்தமில்லாமல் விற்பவர் என எல்லோருக்கும் பயமோ பாசமோ ஏதோ ஒன்று இருந்தது. பரிசு வந்த பிறகு அந்த ஒவ்வொரு கையும் ஒரு விலை பெற்றது. துவக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்குத் தீனி போடும் கைகள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டால் முடிந்தது. சுற்றிவளைப்புகளையும் தலையாட்டிகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காட்டிக்கொடுத்தவர் சிரிமலே, கூட்டத்தைச் சேர்ந்தவர். கேகாலையின் உதவி அரசாங்க அதிபர் சோண்டர்ஸ் அவர் மூலமாக வலை விரித்தார். மார்ச் 21ஆம் திகதி சரதியேலும் மம்மலேயும் பாறையை விட்டிறங்கி, மாவனல்லையில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். பொலிஸ் குழு நெருங்கியது. மேலிருந்து வெடி விழுந்தது. சபான் இறந்தார். சுட்டவர் மம்மலே என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் நின்று யோசிக்கிறேன். இடியன் துவக்கை ஒரு தடவை சுட்டால், அடுத்த வெடிக்கு மருந்து கொட்டி, குண்டு போட்டு, இடித்து, தொப்பி மாட்ட வேண்டும். அந்தக் காலத்துப் படைப்பயிற்சி பெற்ற சிப்பாய், திறந்த வெளியில், நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று வெடி வைப்பான். ஒரு மாடி அறையில், பதற்றத்தில், நின்று இடிப்பதற்கு இடமில்லாமல், வெளியில் ஆட்கள் கூடிக்கொண்டிருக்கும்போது? பாறையில் இருந்தவரை அடுத்த வெடிக்கு நேரம் இருந்தது. நிரப்பிய துவக்குகளைச் சாய்த்து வைக்க இடம் இருந்தது, ஓட வழி இருந்தது. வீட்டுக்குள் வந்தபோது கையில் இருந்தது நிரப்பியவை மட்டும். மேலதிக ஆட்கள் வந்து வீட்டைச் சூழ்ந்தார்கள். இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள். நான்கு நாட்கள் கழிந்திருந்தால் சரதியேலுக்கு முப்பத்திரண்டு வயது.

சபானைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கதைகளில் அவருக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை. இலங்கை மலாயர்கள் ஒல்லாந்தர் காலத்தில் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். பிரித்தானியர் அவர்களைத் திரட்டி இலங்கை றைபிள் படையணியை நடத்தினார்கள். அந்தப் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. யாரோ ஒருவருடைய பேரரசுக்காக, யாரோ ஒருவருடைய வீதியைக் காப்பதற்காக, தன் மதத்தைச் சேர்ந்த ஒருவரின் குண்டில் இறந்தவர் அவர். துவக்கின் இரண்டு முனையிலும் அடிமட்டத்து மனிதர்களே நின்றார்கள்.

வழக்கு கண்டியில் நடந்தது. தீர்ப்பில் ஆச்சரியம் இல்லை. 1864 மே 7ஆம் திகதி சரதியேலும் மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். பிடிபட்டதில் இருந்து கயிறு வரை நாற்பத்தேழு நாட்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பத்து, பதினைந்து வருடம் வழக்கே இல்லாமல் பிள்ளைகளைச் சிறையில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்மாருக்கு அந்த வேகம் வேறொரு விதமாகப் படும்.

அவர் இறந்த பிறகு எல்லாம் விரைவாக மாறின. 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி கம்பெல் என்ற அதிகாரி இந்தியாவில் இருந்து வந்து பொலிஸின் பொறுப்பை ஏற்றார். இன்றைய பொலிஸ் திணைக்களம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் திகதியை. அடுத்த ஆண்டு கண்டிக்கு ரயில் போனது. கோப்பி மூட்டைகள் வீதியை விட்டுத் தண்டவாளத்தில் ஏறின. உதுவன்கந்தையின் கீழ் மாட்டு மணிகள் குறைந்தன. சரதியேல் இன்னும் மூன்று வருடம் உயிரோடு இருந்திருந்தாலும் கொள்ளையடிக்கப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. பிறகு தேயிலை வந்தது, கேகாலையின் தாழ்ந்த பகுதிகளில் இறப்பர் வந்தது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட என்று லயங்கள் எழுந்தன. சப்ரகமுவ தனி மாகாணமானது 1889இல்.

துவக்கும் மாறியது. அதே 1860களில் பித்தளைக் கூட்டுத் தோட்டா ஐரோப்பியப் படைகளுக்குள் நுழைந்தது. மருந்து, குண்டு, தொப்பி மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டன. தொழிற்சாலை அடைத்துக் கொடுத்தது. சுட்ட பிறகு மிஞ்சும் கூட்டை வீசாமல் மறுபடி நிரப்பும் பழக்கம் மேலைநாட்டு வேட்டைக்காரர்களிடம் உண்டானது. அமெரிக்காவில் இன்றும் வீட்டுக் கராஜில் மேசை போட்டு, தராசும் அழுத்தும் கருவியும் வைத்து, டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டி அடுக்கி, ஓய்வு நேரத்தில் தோட்டா நிரப்புபவர்கள் ஏராளம். அங்கே அது பொழுதுபோக்கு. தச்சு வேலை, மீன் தூண்டில் கட்டுவது மாதிரி. கனடாவில் இருக்கும் என் உறவினர் ஒருவர் தன் வேலைத்தள நண்பரின் வீட்டில் அப்படி ஒரு மேசையைப் பார்த்துவிட்டு, அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னார். நண்பருக்கு அது ஏன் என்று விளங்கவேயில்லையாம்.

இலங்கையில் அந்த மேசைக்கு இடம் கிடையாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் துவக்கையும் மருந்தையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தன. தோட்டங்களில் அந்தப் பத்திரம் பங்களாவுக்கு இருந்தது, காவலாளிக்கு இருந்தது. லயத்துக்கு இல்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, பெல்மடுல்ல, காவத்தை வட்டாரத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 ஜூலையில் அது திரும்ப நடந்தபோதும், அந்த மக்களின் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி மட்டுமே. அவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு போர் அவர்களை அங்கேயும் தேடி வந்தது. இதை வாசிப்பவர்களில் சிலர் அந்தக் குடும்பங்களாக இருக்கலாம்.

வன்னிக்கு வந்தவர்களுக்கு 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை தெரியும். பற்றரி, மண்ணெண்ணெய், யூரியா, சவர்க்காரம், மெழுகுதிரி என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரணப் பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பார்வையில் ஆயுதத்தின் பாகமானது. சரதியேல் காலத்தில் ஒரு கட்டி ஈயத்தை வாங்குபவனைக் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் இரண்டு பென்டோர்ச் பற்றரியோடு நின்றவர்களிடம் கேட்டால் போதும்.

இடியன் துவக்கு இன்னும் சாகவில்லை. சப்ரகமுவவின் தோட்ட ஓரங்களில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. பன்றிக்காகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு அது. தண்ணீர்க் குழாய்த் துண்டு, சிறிது மருந்து, ஈயச் சன்னம், குறுக்கே ஒரு கம்பி. சட்டவிரோதம்தான், ஆனால் கைவிட்டுப் போகவில்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டியிருப்பதால் மனிதரின் காலில்தான் வெடிக்கும். விறகுக்கு இறங்குபவர்கள், காலையில் மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் நடப்பவர்கள், இறப்பர் பால் வெட்ட இருட்டில் போகிறவர்கள் அதில் மாட்டுகிறார்கள். கட்டியவர் யார் என்று ஊரில் பெரும்பாலும் தெரியும். யாரும் சொல்வதில்லை. அவரும் பக்கத்து வீட்டுக்காரர், பன்றி அழித்த மரவள்ளித் தோட்டத்தின் சொந்தக்காரர்.

உதுவன்கந்தைக்குப் பக்கத்தில் இப்போது சரதியேல் கிராமம் என்று ஒரு சுற்றுலா இடம் இருக்கிறது. பழைய காலத்து வீடுகளும் தொழில்களும் சிலைகளாக அமைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள், சரதியேலோடு நின்று படம் எடுக்கிறார்கள். கடுகண்ணாவை நோக்கிப் போகும் லொறிகள் கீழே வீதியில் கியர் மாற்றும் சத்தம் மேலே கேட்கிறது.